மெசின் லாச்சிக்குள்ள, உம்மா மூலைக்குள்ள



கொஞ்சம் நீளமான பதிவு. காது மங்கிய ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். "லட்சக்கணக்கில் காசு போட்டு மெசின் வாங்கிக் கொடுத்தோம், உம்மா போடுறாவே இல்ல" என்று குறை சொல்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். நாங்களும் அப்படிச் சொல்லித் திரிந்தவர்கள்தான்.

எங்கள் உம்மாவுக்கு வயது 74. நாலு பிள்ளைகளும் காசு சேர்த்து, இந்தக் கிழக்குக் கரையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கூட்டிப் போனோம். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். விடிய இறங்கி, முகம் கழுவி, பரிசோதனை முடித்து, ரெண்டு காதுக்கும் மெசின் வாங்கினோம். ஏசி போட்ட அறை, பூட்டிய கதவு, முன்னால் ஒரே ஒரு ஆள் இருந்து ஆறுதலாகக் கதைக்கிறார். "கேக்குதா உம்மா?" "கேக்குது." எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அன்றிரவே பஸ் ஏறினோம்.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் உம்மா சொன்னா, "எனக்கு வேணாம் மகன், காதுக்குள்ள கூவுது." ஃபேன் போட்டால் புயல் அடிக்கிற மாதிரி. குசினியில் கரண்டி விழுந்தால் மண்டைக்குள் விழுகிற மாதிரி. பேரப்பிள்ளைகள் கதைப்பது சத்தமாகக் கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை. வாங்கிய இடத்துக்கு போன் எடுத்தோம். "கூட்டிட்டு வாங்க, இலவசமாச் சரிபண்ணித் தாறோம்" என்றார்கள். சரிபண்ணுவது இலவசம். போக்குவரத்து இலவசமா? உம்மாவின் முழங்கால் இலவசமா?

அவ்வளவுதான். மெசின் அலுமாரி லாச்சிக்குள் போனது. உம்மா ஹோலின் மூலைக் கதிரைக்குப் போனா. பதினொரு மாதம்!

இந்தப் பதினொரு மாதமும் நாங்கள் என்ன செய்தோம்? உம்மாவைப் பிடிவாதக்காரி என்றோம். "சொன்னாக் கேட்டாத்தானே" என்று கத்தினோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அதற்குப் பாடம் விளங்கவில்லை என்று கண்டுபிடிக்கிற ஆசிரியர்கள் நாங்கள். எங்கள் உம்மா எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டியது எதுவுமே கேட்காததால்தான் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஒரு வேளை குளிசையை ரெண்டு தரம் போட்டுவிட்டா. "ஒன்று போட்டாச்சு" என்று மகள் சொன்னதை "ஒன்று போடு" என்று விளங்கியிருக்கிறா. அல்லாஹ் காப்பாற்றினான்.

பிறகு, கூடப் படிப்பிக்கும் ஒருவரின் உறவுக்காரத் தம்பி லீவில் ஊருக்கு வந்தார். ஓடியோலொஜிஸ்ட். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து, குசினிப் பலகையில் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். ஒன்றரை மணித்தியாலம். அன்றுதான் எங்கள் புத்திக்கு எட்டியது.

அவர் முதலில் பார்த்தது உம்மாவின் முந்தானையை. வீட்டில் உம்மா எப்போதும் தலையை மூடித்தான் இருப்பா. சீலை மெசினின் மைக்கில் உரசி உரசி உள்ளே இரைகிறது. இறுக்கிப் போர்த்தினால் வெளியே கசியும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய்க் கூவுகிறது. கொழும்பில் பார்க்கும்போது சீலையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி விட்டிருந்தோம். எப்படிக் கூவும்?

அடுத்தது, வலது காது மெசினை இடது காதில் போட்டுக்கொண்டிருந்தா. சிவப்புப் புள்ளி வலது, நீலப் புள்ளி இடது. அந்தச் சின்னப் புள்ளி 74 வயதுக் கண்ணுக்குத் தெரியுமா என்று யாரும் யோசிக்கவில்லை. காதுக்குள் போகும் சிலிக்கன் மூடியும் அளவு சிறிது. அதை மாற்றியதும் கூவல் பாதி நின்றது.

பிறகு வுழூ. ஐந்து வேளையும் மெசினைக் கழற்றி, வுழூ செய்து, காதைத் துடைத்து, திரும்பப் போட வேண்டும். மூட்டு வாதம் பிடித்த விரலால். இதை எந்த விற்பனையாளர் கேட்டார்? எத்தனை தரம் கழற்றிப் போடுவீர்கள், எங்கே வைப்பீர்கள் என்று அந்தத் தம்பி கேட்டார். வுழூ செய்யும் இடத்தில் எட்டுகிற உயரத்தில் மூடி போட்ட ஒரு டப்பா வைக்கச் சொன்னார். ஒரே அசைவில் போட உம்மாவின் கையைப் பிடித்துப் பழக்கினார்.

கடைசியாக லெப்டொப்பைத் திறந்தார். மெசின் நாளுக்கு எத்தனை மணித்தியாலம் பாவிக்கப்பட்டது என்று அதுவே பதிந்து வைக்குமாம். எங்கள் குட்டு வெளிப்பட்டது. பிறகு ஃபேனைப் போடச் சொன்னார், தேங்காய் துருவச் சொன்னார், பிள்ளைகளைக் கதைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு, இரைச்சலைக் குறைத்து, பேச்சைக் கூட்டி, திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்.

அவர் சொன்னது இதுதான். வயது போகும்போது பெரும்பாலும் மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் குறையும். 'ச', 'ஸ', 'த' போன்ற எழுத்துகள் நழுவும். 'காசு' என்றாலும் 'காது' என்றாலும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால்தான் "சத்தம் கேக்குது, சொல்றது விளங்கல்ல" என்கிறார்கள். நாங்கள் கத்துவதால் தீராது. எந்த ஒலியை எவ்வளவு கூட்டுவது என்று மெசினுக்குச் சொல்ல வேண்டும். அதுவும் ஒரே நாளில் முடியாது. பல வருடம் கேட்காமலிருந்த ஒலிகளுக்கு மூளை பழக வாரக்கணக்கு எடுக்கும். முதல் நாள் வைத்த அளவு கடைசி அளவல்ல. கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்துத்தான் வர வேண்டும்.

அப்படியென்றால், ஒரு தரம் அளந்து கொடுத்து, "ஏதும் பிரச்சினையென்றால் வாருங்கள்" என்று அனுப்புவது பாதி வேலை. மிச்சப் பாதியை யார் செய்வது?

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். மெசின் கொடுக்கும் வைபவங்கள் நடக்கின்றன. மேடை, பதாகை, பொன்னாடை, போட்டோ. கொடுப்பவர்களின் நிய்யத்தை நாம் குறை சொல்லவில்லை. அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் ஒன்று கேட்கிறோம். போன வருடம் கொடுத்த மெசின்களில் இன்று எத்தனை காதில் இருக்கிறது, எத்தனை லாச்சியில் இருக்கிறது என்று ஒருவராவது வீடு வீடாகப் போய்ப் பார்த்தீர்களா? மெசின் கொடுக்க முன்வருகிற தனவந்தர், அதைச் சரிசெய்ய வருபவரின் பயணச் செலவைக் கொடுக்க முன்வருவதில்லையே, ஏன்? அதற்குப் போட்டோ எடுக்க முடியாது என்பதாலா?

"வீட்டுக்கு வந்து பார்ப்பது பணக்காரர் வேலை" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். எட்டுப் பெரியவர்கள், கூடப் போக எட்டுப் பேர். பதினாறு பேர் கொழும்புக்குப் போய் வருவதா, லெப்டொப்புடன் ஒருவர் இங்கே வருவதா? எது செலவு?

"இப்ப போனிலேயே சரிபண்ணலாம்" என்பார்கள். உண்மை, சில புதிய மெசின்களை இணையம் வழியாகவே தூரத்திலிருந்து மாற்றலாம். நல்லது, அதையும் செய்யட்டும். ஆனால் போன் முந்தானையைப் பார்க்குமா? புள்ளி மாறியதைப் பார்க்குமா?

"வயசு போனா அப்படித்தான்" என்பார்கள். கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம், காதுக்கு மட்டும் ஏன் இந்தத் தத்துவம்? உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, காது மெசினால் பயன்பெறக்கூடியவர்களில் ஏறத்தாழ 17 வீதமானோரே அதைப் பாவிக்கிறார்கள். 2024 இல் வெளியான லான்செட் ஆணைக்குழு அறிக்கை, மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் கேள்விக் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. மூலைக் கதிரையில் பேச்சுத் துணையில்லாமல் இருத்தி வைப்பது சின்ன விடயமல்ல.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாம் வீட்டில் முடியாது. முதல் பரிசோதனைக்கு அமைதியான அறை வேண்டும். காதில் அழுக்கு அடைத்திருந்தால், சீழ் வடிந்தால், வலித்தால் டொக்டரிடம்தான் போக வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மெசின் கடைக்கல்ல. நாம் கேட்பது அதற்குப் பிறகுள்ள வேலையை.

பள்ளிவாசல் நிருவாகத்தினருக்கும் நலன்புரிச் சங்கங்களுக்கும்: பத்து மெசின் கொடுக்கிற காசில் எட்டு மெசின் கொடுங்கள். மிச்சத்தில் மூன்று மாதத்துக்குள் மூன்று தரம் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். எந்த நிதியிலிருந்து என்பதை உலமாக்களிடம் கேட்டுச் செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனமே 2024 இல், நிபுணர்கள் குறைந்த நாடுகளில் பயிற்சி பெற்ற மற்றவர்களும் இந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்யலாம் என்று வழிகாட்டியிருக்கிறது. உயர்தரம் முடித்து வேலை தேடும் எங்கள் பிள்ளைகளில் ரெண்டு பேரை இதற்குப் பழக்க முடியாதா?

விற்பவர்களுக்கு: வீட்டு வருகையை விலைக்குள் சேர்த்து, பில்லில் எழுதிக் கொடுங்கள். வாங்குபவர்களுக்கு: எழுதித் தராத இடத்தில் வாங்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு: இன்றிரவே லாச்சியைத் திறந்து பாருங்கள். எந்த நேரம், எந்தச் சத்தம், எந்த இடத்தில் தொல்லை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். சரிசெய்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

எங்கள் உம்மா இப்போது காலையில் எழும்பிப் போட்டால் இரவு படுக்கும்போதுதான் கழற்றுவா. எல்லாம் முழுசாகக் கேட்கிறது என்று சொல்ல மாட்டோம். சத்தமான கலியாண வீட்டில் இன்னும் கஷ்டம்தான். ஆனால் போன கிழமை, சின்னப் பேத்தி குசினிக்குள் மெதுவாக, "மூத்தம்மாக்குச் சொல்லாத, சீனிப் போத்தல் உடைஞ்சி போச்சு" என்றாள். மூலைக் கதிரையிலிருந்து பதில் வந்தது: "எனக்குக் கேட்டிச்சு!"

பதினொரு மாதம் நாங்கள் பறித்து வைத்திருந்தது அந்தப் பதிலைத்தான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பதில் லாச்சிக்குள் கிடக்கலாம்.

வாசித்தவர்கள் பள்ளிவாசல் நிருவாகத்தினரின் கண்ணுக்குப் படும்வரை பகிருங்கள். எங்கள் பெரியவர்களின் முதுமையை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.