அக்டோபர் 31-க்கு முன் அந்த வீடுகளின் கதவைத் தட்டுங்கள்

இங்கிலாந்தில் வாழும் தோழர்களே,

அடுத்த செப்டம்பரில் ஏழாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31. ரிசப்ஷன் வகுப்புக்கு ஜனவரி 15. வெளிநாட்டில் பராமரிப்பில் இருந்து தத்தெடுத்த பிள்ளை உங்கள் வீட்டிலோ உறவிலோ பக்கத்துத் தெருவிலோ இருந்தால், இந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள். இடத்துக்கு மேல் விண்ணப்பங்கள் குவியும் பள்ளியிலும் அந்தப் பிள்ளைக்கு முதல் வரிசையில் உரிமை உண்டு. தெரியாமல் போனதால் ஒரு பிள்ளைகூட அதை இழக்கக் கூடாது.

இது எளிதில் கிடைத்ததல்ல. இங்கிலாந்தின் அரசுப் பராமரிப்பிலிருந்து தத்துப்போன பிள்ளைகளுக்கு 2012 சேர்க்கை விதிநெறியிலேயே முன்னுரிமை வந்துவிட்டது. கடல் கடந்து வந்த பிள்ளை மட்டும் வெளியே நின்றது. பெற்றவளைப் பிரிந்த வலி ஒன்றுதான், பிரிந்த நாடுதான் வேறு. 2017 டிசம்பரில் அமைச்சர் நிக் கிப், இவர்களுக்கு இரண்டாம் இடமாவது கொடுங்கள் என்று கடிதம் எழுதினார். அது வெறும் வேண்டுகோள். 2021 செப்டம்பர் 1 முதல்தான் இங்கிலாந்துப் பராமரிப்பிலிருந்து தத்துப்போன பிள்ளைகளோடு சமமான முன்னுரிமை கட்டாயமானது.

விதியின் சொற்களை ஊன்றிப் படியுங்கள். பிள்ளை வெளிநாட்டில் பொது அதிகார அமைப்பின் பராமரிப்பில் இருந்திருக்கலாம். மத அமைப்பின் இல்லத்தில் வளர்ந்திருக்கலாம். சமூக நலனையே முதன்மை நோக்கமாகக் கொண்ட வேறு நிறுவனத்திலும் இருந்திருக்கலாம். தத்தெடுப்பால் அந்தப் பராமரிப்பு முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே தமிழ்நாட்டுத் தொட்டில் குழந்தைத் திட்டத்தின் மையத்திலிருந்து வந்த பிள்ளையும், கன்னியர் நடத்திய இல்லத்திலிருந்து வந்த பிள்ளையும் இதில் அடக்கம். "அரசு விடுதி இல்லையே" என்று யாரும் தாமாகவே ஒதுங்கிவிடாதீர்கள். இப்படிப் பராமரிப்பில் இருக்காமல் உறவினர் போன்றோரிடமிருந்து நேராகத் தத்தெடுத்த பிள்ளைக்கு இது பொருந்தாது. அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தத்தெடுப்பு ஆணை, இல்லம் தந்த கடிதம், பிள்ளையைக் குழந்தை நலக் குழு ஒப்படைத்த தாள் எல்லாவற்றையும் இன்றே தேடி எடுங்கள். தமிழிலோ இந்தியிலோ இருந்தால் மொழிபெயர்த்து வையுங்கள். கவுன்சில் படிவத்தோடு பள்ளியின் துணைப் படிவமும் உண்டா என்று கேளுங்கள். மறுத்தால் தனி மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது.

பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கும் தோழர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் பள்ளியின் சேர்க்கை விதிகளை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். இங்கிலாந்துக்கு வெளியே பராமரிப்பில் இருந்து தத்துவந்த பிள்ளைகள் என்ற வரி அதில் இல்லையென்றால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையே தலைவருக்கு எழுதுங்கள்.