பிடிக்கலைன்னா ஊருக்குப் போ

அண்ணனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று அறைகள் வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூன்றுக்கும் பொதுவாக இரண்டு கழிப்பறை, ஒரு குளியலறை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் துணி தைக்கும் பெண்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து நால்வர், ஜார்க்கண்டிலிருந்து ஐவர். விடிவதற்குள் குளித்து, ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். அந்த வாடகையில்தான் என் மகனின் பள்ளிக் கட்டணம் போகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களில் ஒரு பெண் முன்வாசலுக்கு வந்தாள். மூன்று வருடத்தில் தையல் மிஷினுக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில் கற்றுக்கொண்ட தமிழில் என் மாமியாரிடம் சொன்னாள்: "அம்மா, பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா இல்ல. ரெண்டு மாசமா சொல்றேன். பக்கத்து மாடியில ஆம்பளைங்க நிக்கிறாங்க. வாடகை கரெக்டா குடுக்குறோம்ல?"

மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "இஷ்டமா இருந்தா இரு. பிடிக்கலைன்னா ஊருக்குப் போ."

அவள் போய்விட்டாள். நான் உள்ளே நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாக்கியம் எனக்குப் புதிதில்லை. 2009 இல், கல்யாணமான நான்காம் மாதம், என் சம்பளத்தை என் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன அன்று, அதே வாசலில் எனக்கும் சொல்லப்பட்டது. ஒரே ஒரு சொல்தான் வேறு: "பிடிக்கலைன்னா அம்மா வீட்டுக்குப் போ." செய்யாறுப் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த மாமியாரிடமும் ஒரு நாள் யாரோ சொல்லியிருப்பார்கள்.

அதே ஞாயிறு ராத்திரி நியூஜெர்சியிலிருந்து நாத்தனார் வீடியோவில் வந்தார். அவர் இப்போது அமெரிக்கக் குடிமகள். ஒரு பேரணியில் அந்நாட்டு அதிபருக்கு எதிரான அட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் அனுப்பியிருந்தார். மறுநாள் மாமியார் அந்தப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டினார். "பாரு, எம்பொண்ணு பிரசிடென்ட்டையே கேள்வி கேக்குறா!" அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு சட்டம். நம் பெண் போன நாட்டைக் குறை சொன்னால் வீரம். நம்மிடம் வந்த பெண் ஒரு தாழ்ப்பாள் கேட்டால் திமிர்.

'நாங்கள் உனக்கு இடம் கொடுத்தோம், நீ வாயை மூடிக்கொள்' என்ற இந்தப் பேரத்துக்கு நாடுகள் வைத்திருக்கும் பெயர் நன்றி. குடும்பங்கள் வைத்திருக்கும் பெயர் அடக்கம். இரண்டும் ஒரே பேரம்தான். பெண்களாகிய நாம் இதை யாரும் விளக்காமலே புரிந்துகொள்வோம், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் பிறந்த ஊரில் சாவதில்லை. புகுந்த வீடு என்பது விசா இல்லாத குடியேற்றம். இருபது வருடம் அந்த வீட்டு அடுப்பில் வெந்தாலும், ஒரு குறை சொன்ன கணத்தில் நாம் 'வந்தவள்' ஆகிவிடுகிறோம்.

இது வெறும் உவமை இல்லை. 1907 இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: அயல்நாட்டவனை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். 1922 இல்தான் அதைத் தளர்த்தத் தொடங்கினார்கள். அயல்நாட்டுப் பெண்ணை மணந்த அமெரிக்க ஆணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் நாட்டிலும் 1992 டிசம்பர் வரை, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு வம்சாவளிக் குடியுரிமை அப்பன் வழியாக மட்டுமே வந்தது. பெண்ணுக்கு நாடு என்பது ஓர் ஆணின் முகவரி. என் நாத்தனார் அமெரிக்கா போனதும் அப்படித்தான்: கணவரின் எச்-1பி விசாவின் வாலாகிய எச்-4 இல். எம்.சி.ஏ. படித்தவர், வேலைக்குப் போகச் சட்டம் இடம் தரவில்லை. 2015 மே மாதத்துக்குப் பிறகுதான் எச்-4 மனைவிகளில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது, அதுவும் கணவரின் பச்சை அட்டை விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால். அந்த வருடங்களில் அவர் அமெரிக்காவைப் பற்றி ஒரு குறைகூடச் சொன்னதில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார். குறை சொல்ல ஆரம்பித்தது குடியுரிமை வாங்கிய பிறகுதான். பயம் போனதும் வாய் திறந்தது.

குடியுரிமை கிடைத்தாலும் அந்த வாக்கியம் விடுவதில்லை. 2019 ஜூலையில் டொனால்ட் டிரம்ப், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நான்கு பெண் உறுப்பினர்களை, வந்த இடத்துக்கே திரும்பிப் போய் அங்கே சரிசெய்யட்டும் என்று எழுதினார். நால்வரில் மூவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். நான்காமவர் இல்ஹான் ஒமர்: சோமாலியாவில் பிறந்து, கென்ய அகதி முகாமில் நான்கு வருடம் இருந்து, சிறுமியாக அமெரிக்கா வந்தவர். சில நாளில் வட கரோலைனாக் கூட்டம் ஒன்றில் 'அவளைத் திருப்பி அனுப்பு' என்று கோஷம் எழுந்தது. மறுநாள் மினியாபொலிஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது, அவரை வீட்டுக்கு வா என்று வரவேற்க ஒரு கூட்டம் காத்திருந்தது. ஒரே நாட்டின் இரண்டு கூட்டங்கள். தன்னை வரவேற்கும் நாட்டை அவர் குறை சொல்கிறார் என்பதில் முரண் எதுவும் இல்லை. அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் குறை சொல்லத்தான் அவரை அனுப்பினார்கள்.

ஆஸ்திரேலியாவில் நம்மவர்களுக்கே நடந்ததைப் பாருங்கள். குயின்ஸ்லாந்தின் பிலோலா என்ற சிற்றூரில் இருந்த ஈழத்தமிழ்க் குடும்பம், பிரியா, நடேஸ், அங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். விசா முடிந்தது என்று 2018 மார்ச்சில் விடியற்காலை வீட்டுக்குள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு கிறிஸ்மஸ் தீவில் அடைத்தார்கள். அங்கே நோயுற்ற சின்னவளை 2021 இல் பெர்த் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டிவந்தது. பிரியா சும்மா இருக்கவில்லை, காவலில் இருந்துகொண்டே அந்த நாட்டு அரசைக் கேட்டார். அந்த ஊர்க்காரர்களும் 'எங்கள் பெண்ணை எப்படிப் பேசலாம்' என்று சும்மா இருக்கவில்லை, மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், நான்கு வருடம் விடவில்லை. 2022 ஜூனில் குடும்பம் பிலோலாவுக்கே திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா. பிரியா அரசை வாழ்த்திக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் அந்த விசா வந்திருக்கும் என்று யாராவது நம்பினால், அவர்களுக்கு அரசு அலுவலகங்களைத் தெரியாது.

இந்தச் செய்தியை வாசித்தபோது நம் ஊரில் எல்லோருக்கும் கண் கலங்கியது. சரி, அண்ணனூரிலிருந்து புழல் எவ்வளவு தூரம்?

புழல் காவாங்கரை முகாமில் பிறந்தவள் ஒருத்தி என்னோடு கல்லூரியில் படித்தாள். வீட்டில் 'கதைப்பாள்', வகுப்பில் 'பேசுவாள்'. முகாமைப் பற்றி எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் முதலில் ஒரு முன்னுரை வைப்பாள்: "குறை சொல்றேன்னு நினைக்காத..." பத்தடிக்குப் பத்தடி அறையில் தங்கை வயசுக்கு வந்ததும் அப்பா வெளியில் படுத்ததைச் சொல்லும்போதும் அதே முன்னுரை. வருவாய்த் துறைக்காரர் கணக்கெடுக்க வரும் நாளில் தேர்வு வந்து தவித்ததைச் சொல்லும்போதும் அதே முன்னுரை. ஒரு தடவை நான் கேட்டேன், "ஏண்டி எப்பவும் இப்படி ஆரம்பிக்கிற?" அவள் சொன்னாள்: "க்யூ பிராஞ்ச்காரன் காதுல விழுந்தா அம்மாவத்தான் கூப்பிடுவான்."

அகதிகள் 1983 இலிருந்து இங்கே இருக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களில் இருந்தார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாற்பது வருடம் இருப்பவரை விருந்தாளி என்று அழைப்பது உபசாரம் இல்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே விடாமல் இருப்பது. 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை. 2021 இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, புது வீடுகளும் கட்டத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் ஆவணமின்றி வந்தவர் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. முகாம் பெண் உள்ளூர்க்காரனைக் கட்டிக்கொண்டாலும், அந்த ஒரு சொல் குடியுரிமைப் பதிவுக்குத் தடை. இங்கே மட்டும் 'கணவன் வீடே உன் வீடு' என்ற விதி செல்லாது போலிருக்கிறது. நமக்கு எதிராக மட்டுமே செல்லுபடியாகும் விதிகள் உண்டு.

இந்த வாசலை முட்டித் திறந்ததும் ஒரு பெண். நளினி 1986 இல் மண்டபம் முகாமில் பிறந்தவர், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்பவர். 1987 ஜூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டத்தில் எழுதியிருப்பது. எழுதியிருந்தும் பாஸ்போர்ட் மறுத்தார்கள். நீதிமன்றம் போனார். 2022 இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 ஏப்ரலில் ஓட்டுப் போட்டார். சாப்பாடு போட்ட நாட்டின் மேலேயே வழக்கா என்று அவரைக் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். வழக்குப் போடாமல் இருந்திருந்தால் இன்னும் வருவாய்த் துறைக்காரர் முன்னால் கைநாட்டு வைத்துக்கொண்டிருப்பார்.

நம்மவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. வெளிநாட்டில் நிறவெறியைக் கண்டித்து அட்டை தூக்கும் குடும்பங்களில் எத்தனை பேர் சாதியைப் பற்றிப் பேசினால் முகம் சுளிக்காமல் இருப்பார்கள்? புனேயில் பிறந்து சியாட்டில் நகர மன்ற உறுப்பினரான க்ஷமா சாவந்த் 2023 பிப்ரவரியில் அந்நகரில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். பெரிய எதிர்ப்பு வந்தது இந்திய வம்சாவளி அமைப்புகளிடமிருந்து: வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லி மானத்தை வாங்குகிறாய். இந்தக் குரலும் நமக்குப் பழக்கமானதுதான். புகுந்த வீட்டில் 'வந்தவள்', பிறந்த வீட்டில் 'வெளியே சொல்லாதே'.

"அதெல்லாம் நாடு, இது வாடகை வீடு, ஒப்பிடாதே" என்றார் என் கணவர். ஒப்பிடத்தான் வேண்டும். பின்கட்டில் இருக்கும் அந்த ஒடிசாப் பெண் வந்தேறியே இல்லை. இந்த நாட்டில் எங்கு வேண்டுமானாலும் குடியிருக்க அரசமைப்புச் சட்டத்தின் 19 ஆவது பிரிவு அவளுக்கு உரிமை தந்திருக்கிறது. அவளுக்கு இந்தியக் குடியுரிமை இருக்கிறது. என் நாத்தனார் அதைத் துறந்துவிட்டார். இருந்தும் போகச் சொல்லப்பட்டவள் இவள். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, இங்கே யாரையும் அடிக்கவில்லை என்று நாம் பெருமையாகச் சொன்னோம். வீடியோக்கள் பொய்தான். ஆனால் அடிக்கவில்லை என்பது ஒரு வரவேற்பா? 'அவர் அடிக்க மாட்டார், நல்லவர்' என்று கணவனைப் பற்றிச் சொல்லும் பெண்ணிடம் நாம் என்ன கேட்போமோ, அதை நம்மிடமும் கேட்டுக்கொள்ளலாம். வந்தாரை வாழ வைக்கும் தமிழகம் என்று பலகை வைப்பது எளிது. வந்தவள் வாயைத் திறந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் அந்தப் பலகை நிற்கும் அல்லது விழும்.

இதை எழுதுகிறவள் அந்த ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள். பள்ளிக் கட்டணத்தை நினைத்தேன், வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். அன்று ராத்திரி பின்கட்டுப் பெண்கள் புடவை ஒன்றைக் குளியலறைக் கதவுக்குக் குறுக்கே கட்டி, ஒருத்தி உள்ளே போக இன்னொருத்தி வெளியே நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குளியலறையை உள்ளிருந்து தாழிடும்போது கேட்கும் சத்தம் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன், திருகாணியோடு தொண்ணூறு ரூபாய். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ அதுங்களுக்கு எடம் குடுக்குற, நாளைக்கு இன்னொண்ணு கேக்கும்" என்றார். நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கதவில் மரம் உளுத்திருந்தது, திருகாணி பிடிக்கவில்லை. அந்தப் பெண்தான் உள்ளேயிருந்து ஒரு மரச்சில்லு கொண்டுவந்து ஓட்டையில் அடைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி முன்வாசலுக்கு வந்தாள். இந்தத் தடவை கூரை.

"அம்மா, ரெண்டாவது ரூம்ல மழை ஒழுகுது. எப்ப ஆள் வரும்?"