பென் டிரைவில் போட்டால் மட்டும் போதுமா?

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத ஒரு மாணவி, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட மேலப்பாளையத்தில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோழியின் கம்ப்யூட்டரில் இருந்த சாஃப்ட்வேர் ஃபோல்டரை பென் டிரைவில் காப்பி செய்து எடுத்துப் போகிறார். கடையில் அது திறக்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இன்ஸ்டால் செய்யும்போது பல சாஃப்ட்வேர்கள் தங்கள் குறிப்புகளை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியிலும் வேறு ஃபோல்டர்களிலும் எழுதிவைக்கும். ஃபோல்டரை மட்டும் எடுத்து வந்தால் அவை பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும்.

உண்மையான 'போர்ட்டபிள்' சாஃப்ட்வேருக்கு மூன்று அடையாளங்கள் உண்டு.

1. செட்டிங்ஸ் எல்லாம் அதன் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும்.

2. பென் டிரைவ் ஒரு கம்ப்யூட்டரில் 'ஈ' டிரைவாகவும் இன்னொன்றில் 'எஃப்' டிரைவாகவும் காட்டினாலும் தடுமாறாது.

3. வேலை முடிந்து மூடியதும் கடைக் கம்ப்யூட்டரில் தன் தடத்தை விட்டுப் போகாது.

ஜான் ஹாலர் என்பவர் 2004-ல் ஃபயர்பாக்ஸ் பிரவுசரை இப்படி மாற்றித் தந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'போர்ட்டபிள்ஆப்ஸ்' தளம். லிப்ரெ ஆஃபீஸ் உட்பட பல சாஃப்ட்வேர்கள் அங்கே இலவசம்.

இதில் கவனிக்க வேண்டியதும் உண்டு. போர்ட்டபிள் பிரவுசரில் பாஸ்வேர்டைச் சேமித்தால், அது பென் டிரைவோடு பயணிக்கும். டிரைவ் தொலைந்தால் பாஸ்வேர்டும் போச்சு! கடைக் கம்ப்யூட்டரில் கீ-லாகர் இருந்தால், எந்த போர்ட்டபிள் பிரவுசரும் காப்பாற்றாது. அதனால் பேங்க் வேலையை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். டவுன்லோடு செய்த ஃபைல் எங்கே சேர்ந்தது என்றும் பாருங்கள்.

கடைசியாக, 'எஜெக்ட்' கொடுத்த பிறகே பென் டிரைவை உருவுங்கள்.