சுவரில் தொங்கும் தட்டு

ஈப்போ வட்டாரத்துப் பால்மரக்காடுகள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்த நம் தொழிலாளரிடம் வேலை போயிற்று. சோற்றின் அளவு மட்டும் போகவில்லை. விடியுமுன் பிரட்டில் நின்று, மரம் சீவி, பால் வாளி சுமந்த உடம்புக்கு அந்தச் சோறு தகும். அடுக்குமாடியில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்குத் தகுமா?

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு!

சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்றொரு தட்டைக் காட்டுகிறது. (நம் சுக்கு அல்ல, மலாயில் கால் பங்கு.) அரைத் தட்டு காய்கறி, பழம், கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, பருப்பு. நல்ல கருவிதான். ஆனால் சுவரில் படமாகத் தொங்கினால் யாருக்குப் பயன்? சோற்றை விட்டேனென்று நாலு சப்பாத்தி தின்பவருக்கு, சப்பாத்தியும் அதே கால் தட்டுக் கணக்கில்தான் என்று தமிழில் சொல்ல ஆள் வேண்டும். சமைக்கும் மனைவியும் உடனிருந்து கேட்க வேண்டும்.

கால் மரத்தவருக்கு முள் தைத்தாலும் தெரியாது. புண் முற்றினால் காலையே எடுக்க நேரும். தினமும் பாதம் பார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும். அதையும் செய்து காட்டவேண்டும்.

பேராக் சுகாதார இலாகா தமிழறிந்த தாதியரை அனுப்பட்டும். தட்டும் சோறும் கண்ணாடியும் நம் கிளைகள் கொண்டுவரும். அடுத்த கிளைக் கூட்டத்திலேயே தொடங்குவோம்.