அடியை முத்தமாக்கிய இசைத்தட்டு

"அது வெறும் பாட்டுத்தானே? அதில் போய் என்ன ஆராய்ச்சி?" என்று சில இசை ரசிகர்கள் நம்மைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். கதையை முழுதும் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

1962-ம் ஆண்டு அமெரிக்காவில் ஃபில் ஸ்பெக்டர் என்ற இசைத்தட்டு முதலாளி, 'கிரிஸ்டல்ஸ்' என்ற கறுப்பினப் பெண்கள் குழுவைப் பாடவைத்து ஒரு தட்டை வெளியிட்டார். அவன் அடித்தான், அது முத்தம்போல் இருந்தது என்பதே அதன் தலைப்பு! வேறொருவனோடு இருந்ததைக் காதலி ஒப்புக்கொள்கிறாள், அவன் அடிக்கிறான், அன்பில்லாவிட்டால் கோபம் வருமா என்று அவளே அவனுக்காக வாதாடுகிறாள். முடிவில் அவளைத் தன்னுடையவளாக்கிக் கொள்கிறான். பாட்டின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. தன்னுடையவள்! மாட்டுக்குச் சூடு போடுகிறவனும் இதைத்தான் சொல்கிறான். ஒரே வித்தியாசம், மாடு அதற்கு நன்றி சொல்வதில்லை.

இந்த வாதம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பாட்டை எழுதிய ஜெரி காஃபின், கரோல் கிங் தம்பதிகளின் வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டவர் ஈவா பாய்ட் என்ற இளம்பெண். (அதே ஆண்டில் 'லிட்டில் ஈவா' என்ற பெயரில் பாடிப் புகழ்பெற்றவர் இவரே.) காதலனிடம் அடிபட்ட அவர், அன்பிருப்பதால்தான் அடிக்கிறான் என்றாராம். "கேட்டதைத்தானே எழுதினார்கள், இது கண்டனப் பாட்டு" என்று வக்காலத்து வாங்குகிறார்கள் சிலர். நாம் ஒப்பவில்லை. வேலைக்கு வந்த பெண்ணின் காயம் கடைச் சரக்காயிற்று. 'அது அன்பில்லையம்மா' என்று சொல்ல அந்தப் பாட்டில் ஒரு குரலாவது உண்டா? பாடிய பெண்களுக்கே அது பிடிக்கவில்லை. மறுக்கும் உரிமை அவர்களுக்கு எங்கே இருந்தது? கேட்டவர்கள் எதிர்ப்புக் கிளப்பிய பிறகே தட்டு திரும்பப் பெறப்பட்டது. சாதாரண ஜனங்களுக்குப் புரிந்தது, மேதைகளுக்குப் புரியவில்லை!

முதலாளியோ சளைக்கவில்லை. அதே ஆண்டு டார்லீன் லவ் என்ற பாடகியைப் பாடவைத்து, 'கிரிஸ்டல்ஸ்' பெயரிலேயே 'ஹீஸ் எ ரெபல்' தட்டை விற்றார். அது முதலிடம் பிடித்தது. பெயருக்குரியவர்களின் குரல் அதில் இல்லை. குரலுக்குரியவரின் பெயர் அதில் இல்லை. இதுவும் 'தன்னுடையவள்' கணக்குத்தான்.

வீட்டிலும் அதே கணக்கு. 1968-ல் பாடகி ரானியை மணந்தார். மாளிகையில் பூட்டிவைக்கப்பட்ட அந்தப் பெண் 1972-ல் வெறுங்காலோடு தப்பி ஓடினார்.

2003-ல் நடிகை லானா கிளார்க்சன் ஸ்பெக்டரின் மாளிகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2009-ல் கொலைக் குற்றம் ருசுவாயிற்று. 2021-ல் அவர் கைதியாகவே இறந்தபோது பிபிசி செய்தித் தலைப்பில் எழுதியது என்ன? திறமைசாலி, ஆனால் குறைபாடுள்ளவர் என்று! கண்டனம் எழுந்த பிறகுதான் அந்தத் தலைப்பை மாற்றினார்கள்.