இரண்டாம் பாகமும் இரும்பு பீரோவும்

தொடர்கதை படிக்கும் சகோதரிகளுக்கு "இரண்டாம் பாகம் விரைவில்!" என்ற அறிவிப்பைக் கண்டால் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வரும். பிரிந்து போன பாத்திரங்களை மறுபடி பார்க்கலாமே என்று சந்தோஷம். முதல் பாகத்தின் பெயரையும் சேர்த்துக் கெடுத்துவிடப் போகிறாரே என்று பயம். பெரும்பாலும் பயம்தான் ஜெயிக்கிறது. முதல் நாள் தேவாமிருதமாக இருந்த ரசம், மறுநாள் சூடு பண்ணினால் வெறும் புளித் தண்ணீர்தானே?

ஆனால் வத்தக்குழம்பு என்று ஒன்று இருக்கிறது. மறுநாள்தான் அதற்கு ருசி கூடும்!

சினிமா உலகத்தில் அப்படி ஒரு வத்தக்குழம்பு, 1974-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'தி காட்ஃபாதர்' படத்தின் இரண்டாம் பாகம். டைரக்டர் பிரான்ஸிஸ் ஃபோர்டு கப்போலா. ஆஸ்கார் பரிசளிப்பில் அதற்கு ஆறு பரிசுகள் கிடைத்தன. ஒரு படத்தின் இரண்டாம் பாகம் சிறந்த படம் என்ற பரிசைப் பெற்றது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

"கொலைகாரக் கும்பலைப் பற்றிய படம் அல்லவா? குடும்பப் பத்திரிகையில் அதற்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், அம்மா! துப்பாக்கிச் சத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அது சுத்தமான குடும்பக் கதை.

படத்தில் இரண்டு கதைகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று தந்தையின் கதை. இத்தாலியின் சிசிலித் தீவில் ஓர் ஒன்பது வயதுப் பையன். அவன் உயிருக்காக ஊர்ப் பெரிய மனிதனிடம் மன்றாடப் போன தாய், மகன் கண்ணெதிரே சுடப்பட்டுச் சாகிறாள். பையன் கப்பலேறி நியூயார்க் போய், ஏழைகளின் சந்தில் வளர்கிறான். அங்கே ஒரு விதவை, நாய் வளர்த்த குற்றத்துக்காக வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறாள். அவளுக்காக இவன் வீட்டுக்காரனிடம் பரிந்து பேசுகிறான், குரலைக்கூட உயர்த்தாமல். பேசியவன் யார் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்ட வீட்டுக்காரன், நடுநடுங்கி ஓடிவந்து வாடகையையும் குறைத்துவிட்டுப் போகிறான்! சிரிப்பாகவும் இருக்கிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. முதல் பாகத்தில் மார்லன் பிராண்டோ கிழவராக நடித்த பாத்திரத்தின் இளமையை இதில் ராபர்ட் டி நீரோ ஏற்றிருக்கிறார். ஒரே பாத்திரத்துக்காக இருவருமே ஆஸ்கார் வாங்கினார்கள்.

மற்றது மகனின் கதை. பணமும் அதிகாரமும் ஏரிக்கரை மாளிகையும் இருக்கின்றன. எல்லாம் குடும்பத்துக்காகத்தான் என்கிறான் மகன். ஓர் இரவு தன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, குடும்பத்துக்காக வலிமையாக இருக்கப் போய் அந்தக் குடும்பத்தையே ஒருவன் இழந்துவிட முடியுமா என்று கேட்கிறான். பாவம், தாய்க்குக் கேள்வியின் ஆழம் புரியவில்லை. பிறகு அவன் இழக்கிறான். குழந்தைகளைப் பார்க்க வந்த மனைவியின் முகத்தில் ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்துகிறான். உடன்பிறந்த அண்ணனையே கொல்ல உத்தரவிடுகிறான். கடைசியில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறான். மூன்று மணிக்கும் மேல் ஓடுகிற படம் முடியும்போது, ஒரு வீடு எப்படிக் காலியாகும் என்பதைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கிறோம்.

அப்பேர்ப்பட்ட படமே ஒரு சமயம் காலியாகிவிடும் போலிருந்தது என்பதுதான் இந்த வாரம் சொல்ல வந்த சங்கதி.

*

சினிமாப் படத்துக்கு 'நெகடிவ்' என்ற மூலச் சுருள் ஒன்றுதான். அதிலிருந்துதான் கொட்டகைகளுக்குப் பிரதிகள் எடுக்கிறார்கள். படம் அமோகமாக ஓடினால் பிரதிகள் மேலும் மேலும் வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் மூலச் சுருள் இயந்திரத்துக்குள் போய் வரும். கல்யாணப் பட்டுப் புடவை அழகாக இருக்கிறது என்று நாத்தனார், ஓரகத்தி, சித்தி பெண் என்று வரிசையாக இரவல் வாங்கிக் கட்டினால் என்ன ஆகும்? காட்ஃபாதர் படங்களுக்கும் அதே கதிதான். அலட்சியத்தால் மட்டுமல்ல, அதிகப் பிரியத்தாலும் ஒரு பொருள் நைந்து போகும். முதல் பாகத்தின் சுருள் அதிகமாக அடிபட்டது; இரண்டாம் பாகமும் காயமில்லாமல் தப்பவில்லை.

கப்போலா தம் நண்பர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கிடம் கவலையைச் சொன்னார். ஸ்பீல்பெர்க் பாரமவுண்ட் கம்பெனியாரிடம் பேசினார். பழைய படங்களை மீட்பதில் கைதேர்ந்த ராபர்ட் ஹாரிஸ் என்பவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. சுருளில் ஒவ்வொரு சட்டமாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, கீறல், கிழிசல், கறை எல்லாவற்றையும் பொறுமையாக நீக்கினார்கள். மூன்று பாகங்களும் 2008 செப்டம்பரில், வீட்டிலே போட்டுப் பார்க்கும் டி.வி.டி., ப்ளூ-ரே தட்டுகளாக வந்தன. முதல் பாகத்தின் பொன்விழாவை ஒட்டி 2022-ல் இன்னும் துல்லியமான '4கே' பதிப்பு வந்தது. அதற்காக 300 பெட்டிகளுக்கு மேல் படச்சுருள்களை அலசினார்களாம்; கறையும் கிழிசலும் சரிசெய்ய மட்டும் 4,000 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றாம்!

இதில் நம் வீட்டுக்கும் பயன்படக்கூடிய பாடம் ஒன்று இருக்கிறது. இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் இருட்டுக்குப் பெயர் போனவர். பல காட்சிகளில் முகம் பாதிதான் தெரியும்; கண்கள் நிழலில் மூழ்கியிருக்கும். பழைய காலக் கதை முழுவதும் மஞ்சள் பாரித்த போட்டோவைப் போல இருக்கும். கம்ப்யூட்டர் கையில் இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் வெளிச்சம் போட்டுப் பளபளவென்று ஆக்கிவிடலாம் அல்லவா? ஆக்கவில்லை. சாயம் எளிதில் மங்காத டெக்னிகலர் முறையில் அந்தக் காலத்தில் அச்சிட்ட பழைய பிரதியைப் பார்த்தும், வில்லிஸிடமே யோசனை கேட்டும், இருட்டு எவ்வளவு இருந்ததோ அவ்வளவையே திரும்பக் கொண்டுவந்தார்கள். புதுப்பிப்பது வேறு, மீட்பது வேறு. பாட்டியின் படத்தில் சுருக்கத்தை அழித்து உதட்டுக்குச் சிவப்பு தீட்டினால் படம் அழகாகலாம், பாட்டி போய்விடுவாள்!

*

நம் பக்கம் என்ன நிலைமை? 1931-ல் டி.பி. ராஜலட்சுமி கதாநாயகியாக நடித்து வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம் என்று எல்லோரும் படித்திருப்பீர்கள். பார்க்க வேண்டுமானால் பிரதி ஒன்றுகூடக் கிடையாது. பழைய சுருள்களில் எத்தனையோ தீயிலும் புழுக்கத்திலும் போயின. இன்னும் சிலவற்றை, அவற்றில் படிந்திருக்கும் வெள்ளிக்காகவே கழுவிவிட்டார்கள். மருமகளுக்கு வெள்ளிக் கொலுசு வேண்டும் என்று வீட்டுக் குத்துவிளக்கை விற்பதற்கு ஒப்பான காரியம்!

நல்ல செய்தியும் இல்லாமல் இல்லை. 1964-ல் வந்த 'கர்ணன்' கம்ப்யூட்டரில் துலக்கப்பட்டு 2012-ல் கொட்டகைகளுக்கு வந்தபோது ஜனங்கள் திரண்டு வந்தார்கள். காட்ஃபாதர் குடும்பத்தின் சாயல் கொண்ட நம் 'நாயகன்', பி.சி. ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கித் தந்த 1987-ம் வருஷத்துப் படம், 2023-ல் மறுபடி திரைக்கு வந்தது. ஆனால் வந்தவற்றை விரல் விட்டு எண்ணலாம். போனவற்றை எண்ண முடியாது.

வெள்ளிக்காகப் படத்தைக் கழுவியது போலவே, கல்லுக்காகக் கோயிலைப் பிரித்த கதையும் நம் நாட்டில் உண்டு. பெரம்பலூர், அரியலூர் வாசகிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தையே ஓர் இரண்டாம் பாகம் என்று சொல்லலாம். தந்தை ராஜராஜன் தஞ்சையில் எழுப்பியது முதல் பாகம். மகன் ராஜேந்திரன், கங்கை வரை படை அனுப்பி வென்ற பிறகு, புதுத் தலைநகரில் எழுப்பியது இரண்டாம் பாகம். தஞ்சை விமானம் நேராக நிமிர்ந்து நிற்கும். மகன் கட்டியது உயரத்தில் சற்றுக் குறைவு. ஆனால் மேலே போகப் போக உள்வாங்கி வளைந்து ஏறும் அதன் நளினத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. அப்பாவைப் போலவே செய்யாமல் அப்பாவுக்குப் பெருமை சேர்ப்பது எப்படி என்று ராஜேந்திரனுக்குத் தெரிந்திருந்தது. வத்தக்குழம்பு ரகசியம் அதுதான்!

அந்தக் கோயிலுக்கு என்ன நேர்ந்தது? 1836-ல் வெள்ளைக்காரத் துரைத்தனத்தார் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். அணைக்குக் கல் வேண்டியிருந்தது. கோயிலின் மதிலையும் சிற்பங்கள் நிறைந்த கட்டடங்களையும் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள் ஏழைகள்; ஆனாலும் தடுக்கப் பார்த்தார்கள். பலிக்கவில்லை, தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதிலாவது கட்டித் தருகிறோம் என்று சொன்ன வாக்குறுதியும் காற்றோடு போயிற்று. அணையால் வயல் விளைந்தது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் போன சிற்பம் போனதுதான். எஞ்சியதைத் தொல்பொருள் துறையினர் பராமரித்துக் காப்பாற்றியதால், 2004-ல் அது உலக பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் தஞ்சையோடு சேர்ந்தது. இன்று குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முந்தைய மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம்! மனிதன் பிறப்பதற்கு முன்பே இயற்கை அதைப் பத்திரப்படுத்தி வைத்துவிட்டது. நம் கையில் இருப்பதெல்லாம் அப்படித் தானாகக் கல்லாகிவிடாது. நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

*

இப்போது எழுந்து போய் இரும்பு பீரோவைத் திறந்து பாருங்கள். மேல்தட்டில், பட்டுப் புடவைகளுக்குப் பின்னால், கறுப்பாக ஒரு வீடியோ காஸெட் இருக்கிறதா? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் இருந்தே தீரும். அதற்கு நெகடிவ் கிடையாது, அம்மா! பிரதி எடுக்காதிருந்தால், உலகத்திலேயே அது ஒன்றுதான். நலங்கில் பாடிய அத்தையின் குரல், பந்தியில் பரிமாறிக் கொண்டே காமிராவைப் பார்த்து வெட்கப்பட்ட தாத்தா, இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தாயான தங்கை பாவாடை சட்டையில் ஓடுவது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கப்போலாவுக்குப் பாரமவுண்ட் கம்பெனி இருந்தது. உங்கள் கல்யாணப் படத்துக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

காந்த நாடா சாசுவதமல்ல. நம் ஊர் வெயிலும் மழைக்கால ஈரமும் அதைத் தின்கின்றன. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டுத் தூசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். போட்டுப் பார்க்கும் வி.சி.ஆர். இயந்திரத்தைக் கடைசி வரை தயாரித்து வந்த ஜப்பானியக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. இருக்கிற இயந்திரங்கள் பழுதாகிக்கொண்டே வருகின்றன. ஆகவே நாள் கடத்தாதீர்கள்.

காஸெட்டின் ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஆசைப்பட்டு வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். நாடாவும் போகும், இயந்திரமும் போகும். பழக்கப்பட்டவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். "பளபளப்பாக்கித் தருகிறேன், பின்னால் சினிமாப் பாட்டுச் சேர்க்கிறேன்" என்று அவர் உற்சாகப்பட்டால், முதலில் உள்ளது உள்ளபடி ஒரு பிரதி வேண்டும் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். அத்தையின் குரலை அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டு எதற்கு? கிடைத்த பிரதியை இரண்டாக்கி, ஒன்றை உங்களிடமும் மற்றொன்றை வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ வையுங்கள். மூல காஸெட்டைத் தூக்கி எறியாமல், ஈரமில்லாத இடத்தில், புத்தகம் போல் நிறுத்தி வையுங்கள்.

இன்னொரு காரியம் உண்டு. அதற்குக் காசே ஆகாது. வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டி, யார் யார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படம் இருந்து பெயர் தெரியாவிட்டால், பேரப்பிள்ளைகளுக்கு அது யாரோ ஒரு வீட்டுக் கல்யாணமாகிவிடும்.

தை பிறப்பதற்கு முதல் நாள் போகி வரும். "இந்தக் குப்பையெல்லாம் எதற்கு?" என்று வீட்டு ஆண்பிள்ளைகள் பீரோவைக் குடைவார்கள். பழைய பாயைக் கொடுங்கள், கிழிந்த முறத்தையும் கொடுங்கள். அந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!