கோவளத்துக் கொடியும் பொதுஜனங்களின் கடற்கரையும்

பொத்தேரியில் வசிக்கும் ஒரு குடும்பஸ்தர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் தம் மனைவி மக்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் ரெயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் ரெயில் வடக்கே சென்னைக்கும் தெற்கே செங்கற்பட்டுக்கும் போகுமேயன்றிக் கிழக்கே கடலுக்குப் போகாது. 'கடற்கரை' என்று பெயர் பூண்ட சென்னை ஸ்டேஷனில் இறங்கினாலோ, எதிரே துறைமுகம் இருக்குமேயொழிய மணலும் அலையும் இரா. ஆகவே அவர் வண்டலூர் சென்று, கேளம்பாக்கம் சாலையில் திரும்பி, உப்பளங்களைக் கடந்து கோவளம் சேர வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டுப் போகிறவருக்கு அங்கே கிடைப்பது என்ன? குழந்தையை அச்சமின்றி அலையில் நிறுத்தும் உரிமை கிடைக்கிறதா? இதுவே நாம் இன்று ஆராய விரும்பும் விஷயம்.

செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த இக்கோவளத்துக்கு 2021-ஆம் வருஷத்தில் 'நீலக்கொடி' கிடைத்தது. 1985-இல் பிரான்ஸ் தேசத்தில் தோன்றி, இப்பொழுது டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு ஸ்தாபனத்தால் பல நாடுகளிலும் வழங்கப்படும் சான்று அது. நீரின் தூய்மை, சுற்றுப்புற நிர்வாகம், ஜனங்களுக்கு அறிவு புகட்டல், பாதுகாப்பும் சௌகரியங்களும் என்ற நான்கு தலைப்புகளில் 33 நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. காவலர் வேண்டும், முதலுதவி வேண்டும், கழிப்பிடம் வேண்டும், அங்கவீனர்களும் வந்து போக வழி வேண்டும். குளிக்கும் பருவத்தில் 31 நாட்களுக்கு மேற்படாத இடைவெளியில் நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். இவற்றில் எதையும் ஆடம்பரம் என்று எவரும் சொல்லத் துணியார்.

சோழமண்டலக் கரை இயற்கையில் அரண் அற்ற கரை. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் வாய்க்காமல், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்ட நேர்ந்ததன் காரணமும் அதுவே. இங்கே அலை நேரே வந்து மோதும். வந்த நீர் சிற்சில இடங்களில் ஒன்றுகூடிக் கரையிலிருந்து உள்ளே விரைந்து இழுத்துச் செல்லும். மேலே அமைதியாகத் தோன்றும் அவ்விடமே பெரும்பாலும் ஆபத்தான இடம். வடகிழக்குப் பருவக் காற்றின் மாதங்களில் அபாயம் இன்னும் அதிகம். மாமல்லபுரத்துக் கரையோரத்தில் உல்லாசமாக வந்த வாலிபர்கள் மாண்ட செய்திகளை நம் வாசகர்கள் பலமுறை படித்திருக்கிறார்கள். கடலைக் குற்றம் கூறிப் பயனில்லை. இயற்கை தராத பாதுகாப்பை மனிதன் ஏற்படுத்தினால்தான் இக்கரை குடும்பங்களுக்கு உகந்ததாகும்.

ஆகையால் கோவளத்துக் கொடியை நாம் வரவேற்கிறோம். எனினும் அதைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள் கூறுவது நம் கடமை.

முதலாவது, கடற்கரை எவருக்குச் சொந்தம் என்பது. காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் யாவருக்கும் பொது என்பது ரோமானியர் காலத்துச் சட்டம். இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதிக்கரையை ஒட்டிய ஓர் உல்லாச விடுதியைப் பற்றிய வழக்கில், 1996 டிசம்பரில் நமது சுப்ரீம் கோர்ட்டும் அதையே வற்புறுத்தியது: இத்தகைய செல்வங்களுக்கு அரசாங்கம் தர்மகர்த்தாவேயன்றி எஜமானன் அல்ல. 1991-ஆம் வருஷத்துக் கரையோர ஒழுங்குமுறை அறிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுக்காவல் விதித்தது. நீலக்கொடிக்கு வேண்டிய சௌகரியங்களை அக்கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டு அமைத்துக்கொள்ளலாம் என்று 2020 ஜனவரியில் விலக்கு அளிக்கப்பட்டது. கழிப்பிடத்துக்கும் குடிநீருக்கும் திறந்த இக்கதவின் வழியே நாளை வியாபாரமும் நுழைந்துவிடாமல் காப்பது யார் பொறுப்பு?

இரண்டாவது, கோவளம் முதலில் ஒரு மீனவர் கிராமம். படகை ஏற்றுவதும் வலையை உலர்த்துவதும் மீனைக் கொட்டி விற்பதும் அவர்களுக்கு அம்மணலில்தான். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை இக்கரைமீது பாய்ந்தபோது உயிரும் உடைமையும் முதலில் இழந்தவர்கள் கடலோரக் குப்பத்து ஜனங்கள். விருந்தாளிக்கு இடம் கொடுப்பதற்காக வீட்டுக்காரனை வெளியேற்றுவது நம் மரபன்று. அலையின் குணத்தை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. காவலர் வேலையை அவர்கள் பிள்ளைகளுக்கு நல்ல சம்பளத்துடன் கொடுப்பதே நியாயமும் விவேகமும் ஆகும்.

மூன்றாவது, நீரின் தூய்மை கரையில் தீர்மானிக்கப்படுவதன்று. பக்கிங்ஹாம் கால்வாயும் முட்டுக்காட்டுக் கழிமுகமும் கோவளத்தின் அண்டையில் கூடுகின்றன. பழைய மாமல்லபுரம் சாலையில் நாளுக்கு நாள் எழும் மாடிக் கட்டடங்களின் கழிவு அக்கால்வாயில் விழுமானால், கரையில் எத்தனை துடைப்பம் கொண்டு பெருக்கியும் பயன் இல்லை.

கொடி நிரந்தரப் பட்டமும் அன்று. வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டியது. 2020-இல் இந்தியாவில் முதன்முதல் கொடி பெற்ற எட்டுக் கரைகளுள் ஒன்றான விசாகப்பட்டினத்து ருஷிகொண்டாவில், பராமரிப்பு குறைந்ததென்று 2025-இல் அது தற்காலிகமாகப் பறிக்கப்பட்டு, குறைகள் நீங்கிய பின்பே திரும்பக் கிடைத்தது. இதனை நம் அதிகாரிகள் மனத்திற்கொள்வார்களாக.

நாம் கேட்பது அதிகமன்று. கொடி பறக்கும் சில நூறு கஜ மணலில் மட்டும் மனித உயிருக்கு மதிப்பு, அதற்கு அப்பால் எச்சரிக்கைப் பலகையோடு கடமை முடிந்தது என்ற நிலை கூடாது. நீர்ச் சோதனையின் முடிவைத் தமிழில் எழுதிக் கரையிலேயே ஒட்டட்டும். ஜனங்கள் கூடும் ஒவ்வொரு கரையிலும் காவலர் நிற்கட்டும். பொத்தேரி போன்ற உள்ளூர்களிலிருந்து விடுமுறை நாட்களில் கடற்கரைக்கு நேர் பஸ் ஓடட்டும். மோட்டார் வைத்திருப்பவனுக்கு மட்டும் எட்டும் கடற்கரை பொதுக் கடற்கரை ஆகாது. ஏழைத் தாய் ஒருத்தி தன் குழந்தையின் கையைப் பிடித்து அலையில் நின்று, அச்சமின்றிச் சிரித்து வீடு திரும்புவாளாயின், கொடி இல்லாவிட்டாலும் அந்தக் கரை சிறந்த கரை. அந்நாளை விரைவில் கொண்டுவரும் பொறுப்பு சர்க்காரைச் சேர்ந்தது; அதை இடைவிடாமல் கேட்கும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தது.